நாலாவது ஆளாகப் போன கல்

பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் நகரத்தில், கோட்-டெ-நெய்ஜின் அடுக்குமாடிகளில் என்னோடு வளர்ந்து, இப்போது காலைக் குளிசை எத்தனை, இரவுக் குளிசை எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்கும் உங்களுக்குத்தான் இதைச் சொல்ல வேண்டும். வேறு யாரும் நம்பமாட்டார்கள். எனக்கு ஒரு கல்லின் மேல் பொறாமை இருந்தது. இன்னும் இருக்கிறது.

எண்பதுகளின் பிற்பாதி. நானும் அம்மாவும் முதலில் வந்து அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். அப்பா பின்னால் வருவதாகச் சொல்லிக் கொழும்பில் நின்றார். நான் அவரை விட்டு வந்தபோது அவருடைய நெஞ்சளவு இருந்தேன். அவர் நாடு நாடாக இறங்கி ஏறி, எல்லைக்கு அந்தப் பக்கத்து அமெரிக்கச் சிற்றூர் ஒன்றுக்கு வந்து சேர்ந்தபோது அம்மாவின் தோளைத் தாண்டியிருந்தேன்.

அந்தக் குளிர்காலம்தான் எல்லையில் சட்டம் மாறியது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அமெரிக்கப் பக்கமாக வந்தவர்களை உடனே உள்ளே எடுக்காமல், ஒரு தேதியைக் கொடுத்து, அதுவரை அங்கேயே நில் என்று திருப்பி அனுப்பினார்கள். அப்பா ஒரு தேவாலய மண்டபத்தில் தங்கினார். வாரத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் கதைப்பார். மண்டபத்தில் எத்தனை கட்டில், எத்தனை பேர் என்று நான் கேட்பேன். கட்டிலை விட ஆட்கள் எப்போதும் ஏழெட்டுப் பேர் கூட. தேதியைத் தவறவிட்டால் மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும் என்பதை அம்மா நெருப்பு மாதிரி வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தார்.

கூட்டிவர மாமா முன்வந்தார். மாமா அம்மாவின் தம்பி. எங்களுக்கு முன்பே வந்து, குடியேற்றக் காகிதம் கையில் கிடைத்தவர். மாமாவும் மாமியும் அவர்களுடைய மகனும் எல்லையைத் தாண்டிப் போகலாம், திரும்பி வரலாம். நாங்கள் ஒரு காலை அந்தப் பக்கம் வைத்தாலும் மறு கால் இந்தப் பக்கம் வராது. மகன் எனக்கு மச்சான். ஒரே வயது, ஒரே வகுப்பு. பிரெஞ்சில் அவன் முதலாவது, நான் பதினெட்டாவது. அப்போதே அவன் மேல் எனக்கு வேண்டிய அளவு எரிச்சல் இருந்தது. அது போதாது என்று வந்து சேர்ந்தது அந்த மோட்டர்ஹோம்.

மாமா துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கராஜில் வேலை செய்தார். அவருடைய கார் அந்தக் குளிரோடு செத்துப் போயிருந்தது. கராஜ் முதலாளி நல்ல மனிசன். தன்னுடைய சொந்த மோட்டர்ஹோமை இரவல் தந்தார். அது எங்கள் கட்டிடத்தின் முன் வந்து நின்றபோது பஸ் போக இடமில்லாமல் பின்னால் நின்று ஹோர்ன் அடித்தது. ஆறு சில்லு. ஒன்பது யன்னல். ஒவ்வொரு யன்னலுக்கும் மஞ்சள் பூப்போட்ட திரை, ஒன்றுக்கு மட்டும் கொக்கி கழன்றிருந்தது. உள்ளே இரண்டு கட்டில், மேசை, தண்ணீர்க் குழாய், சின்னக் குசினி, நான்கு அடுப்பு. எங்கள் வீட்டு அடுப்பிலோ இரண்டுதான் எரியும். மரப்பலகையும் பெற்றோலும் பழைய பிஸ்கட்டும் கலந்த ஒரு வாசம். அந்த வாசத்தை நான் பிறகு எங்கும் மணந்ததில்லை.

"வீடே எழும்பிப் போகுது பார், மச்சாள்" என்று மாமி அம்மாவிடம் சொன்னார். "போற வழியிலை சோறு காய்ச்சலாம். அண்ணைக்குச் சுடச்சுடக் குடுக்கலாம்."

மச்சான் மேல் கட்டிலில் ஏறிக் கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தான்.

"உன்ர அப்பாவை இதிலைதான் படுக்க விடுவன்" என்றான் என்னிடம். "எனக்குப் பக்கத்திலை."

என் அப்பா. அவன் பக்கத்தில்.

புறப்பட முதல் நாள்தான் மாமிக்கு ஒன்று உறைத்தது. மாமா, மாமி, மச்சான். மூன்று பேர். ஒரு நல்ல அலுவலுக்கு மூன்று பேராய்ப் போகக்கூடாது என்பது உங்கள் வீடுகளிலும் சொன்னதுதான். மாமி கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு எங்கள் கதிரையில் இருந்துவிட்டார்.

"மூண்டு பேர் போனா முடிஞ்ச மாதிரித்தான். அதுகும் இப்பிடி ஒரு அலுவலுக்கு."

எண்ணுவதில் நான் கெட்டிக்காரன் என்று உங்களுக்குத் தெரியும். மூன்றுடன் ஒன்றைக் கூட்டினால் நான்கு. அந்த ஒன்று யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. உள்ளே ஓடிப்போய் என் சப்பாத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றேன்.

மாமா என் காலைப் பார்த்தார். "எங்கை வெளிக்கிட்டிட்டாய்?"

"நாலாவது ஆள் நான்தானே, மாமா."

"உனக்கு விசரோ? உன்னட்டைப் பேப்பர் இல்லை. கொண்டு போனா உன்னைத் திருப்பிக் கொண்டு வரேலாது. பேந்து அப்பனும் மகனும் அங்கை நிண்டு தேவாரம் பாடுங்கோ."

அவர் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. இரவல் வண்டி, சொந்தக் காகிதம், பொறுப்பு எல்லாம் அவர் தலையில் என்பது இன்று விளங்குகிறது. அன்று எனக்கு அவர் ஈவிரக்கமற்ற மனிதராகத் தெரிந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா எனக்காகப் பேசுவார் என்று நினைத்தேன்.

"ஒரு கல்லைக் கொண்டு போங்கோவன்" என்றார் அம்மா. "நாலாவது ஆளுக்குக் கல்லு வைக்கிறதுதானே. தம்பி, கீழை போய் ஒரு கல்லு எடுத்துக்கொண்டு வா ராசா."

நான் அசையாமல் நின்றதைப் பார்த்து ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "கல்லெண்டா என்ன, நீயெண்டா என்ன? எண்ணிக்கைதானே."

அம்மா நல்லவர். அதை எத்தனையோ முறை நிரூபித்தவர். ஆனால் அந்த வசனத்தை மட்டும் அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

கீழே இறங்கினேன். பனி உருகி, நடைபாதையில் குளிர்காலம் முழுக்கக் கொட்டிய சரளை குவியலாய்க் கிடந்தது. விரல் நகம் அளவு கற்கள். அவற்றில் ஒன்று என் இடத்துக்குப் போதாது. கட்டிடத்தின் பின்பக்கம், குப்பைத் தொட்டிக்குக் கிட்ட, கதவு மூடாமல் இருக்க வைக்கும் கல் ஒன்று இருந்தது. சாம்பல் நிறம், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. இரண்டு கையாலும் தூக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு மேலே வந்தேன்.

"உதென்னடா, அம்மிக்கல்லே?" என்றார் மாமி. எல்லோரும் சிரித்தார்கள்.

"யன்னல் பக்கம் வைக்கவேணும்" என்றேன்.

"வைக்கிறம், வைக்கிறம்."

மறுநாள் விடிய அவர்கள் வெளிக்கிட்டார்கள். கொக்கி கழன்ற திரைக்குப் பக்கத்து இருக்கையில் மாமி கல்லை வைத்தார். மச்சான் அதற்கு சீட் பெல்ட்டை இழுத்துப் பூட்டினான். "பொன்ஜூர் மச்சான், வசதியா இருக்கிறியோ?" என்று கல்லைக் கேட்டுவிட்டு, யன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கை காட்டினான். தலையில் சிவப்புக் கம்பளித் தொப்பி. என்னிடமும் அதே தொப்பி இருந்தது. இரண்டையும் தேவாலயத்து இலவச உடுப்புக் கூடையிலிருந்து அம்மாவும் மாமியும் ஒரே நாளில் எடுத்தார்கள். இந்தத் தொப்பியை மறந்துவிடாதீர்கள்.

ஆறு சில்லும் உருண்டு வீதி மூலையில் மறைந்தன. நான் போகவேண்டிய இடத்துக்குக் கல் போனது.

பிறகு எல்லையில் நடந்ததை மச்சானிடம் துருவித் துருவிக் கேட்டு நான் தெரிந்துகொண்டது இது. அமெரிக்கப் பக்கத்து உத்தியோகத்தர் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து காகிதங்களைப் பார்த்தார். மாமா குனிந்து வண்டியின் பத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். உத்தியோகத்தர் மாமியைப் பார்த்துக் கேட்டார், வண்டியில் எத்தனை பேர் என்று.

மாமி நான்கு விரலைக் காட்டி, "ஃபோர்" என்றார்.

"த்ரீ! த்ரீ!" என்று மாமா பாய்ந்து நிமிர்ந்தார்.

"ஃபோர்" என்றார் மாமி மறுபடி, கொஞ்சம் உரத்து.

கையில் மூன்று பேருடைய காகிதம். வாயில் நான்கு பேர். அகதிகள் காட்டுக்குள்ளால் நடந்து வந்த காலம். கட்டிலும் அலுமாரியும் உள்ள பெரிய வண்டி. அவர்கள் என்ன நினைப்பார்கள்? வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். கட்டில் மெத்தைகளைத் தூக்கினார்கள். அலுமாரி, குளியலறை, தண்ணீர்த் தாங்கியின் மூடி, எல்லாவற்றையும் திறந்தார்கள். ஒரு நாய் வந்து மாமியின் கத்தரிக்காய்க் குழம்புச் சட்டியை நீண்ட நேரம் மணந்துவிட்டுத் தும்மியது. ஒருவர் நாலாவது ஆள் எங்கே என்று அதட்ட, மாமி யன்னலோரம் கை காட்டினார். அங்கே கல், பெல்ட் போட்டபடி.

"மூளை எண்டு ஒண்டு இருக்கே உனக்கு?" என்று மாமா கத்தினார். "அத்தான் அங்கை வாசல்லை நிக்கிறார். தேதி இண்டைக்கு!"

"அதுக்காகத்தான் சொன்னனான்" என்றார் மாமி. அவரும் அழுகிற நிலைமை. "கல்லை வைச்சிட்டு, பேந்து வாயாலை மூண்டு எண்டு சொன்னா, கல்லு வைச்சதுக்கு என்ன அர்த்தம்? சொன்ன வாயாலை அந்த மனிசன்ர அலுவல் கெட்டுப் போகாதோ?"

இந்த நியாயத்தைப் பின்னாளில் எங்கள் கட்டிடத்தில் யாரும் பிழை என்று சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

அங்கே, அப்பா மண்டப வாசலில் நின்றார். அன்று தேதியுள்ள மற்ற எல்லோரையும் தேவாலயக்காரர் தங்கள் வான் வண்டியில் ஏற்றிப் போய்விட்டார்கள். மாமா வருகிறார் என்று சொல்லி அப்பா மட்டும் ஏறவில்லை. இங்கே, அம்மா தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்றார். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. சுவரில் வெப்பக் குழாய் சீறிச் சீறி ஓய்ந்தது. நான் எங்கள் நான்கு தட்டையும் கழுவினேன், அடுக்கினேன், மறுபடி கழுவினேன். நேரம் ஆக ஆக அம்மா பிள்ளையாரோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாலை மங்க முன் தொலைபேசி அடித்தது. மாமா.

"அக்கா, அத்தானை உள்ளுக்கு எடுத்திட்டாங்கள். கடைசி ஆளாப் போனது. கந்தோர் பூட்டப் போற நேரம். ஆனா எடுத்திட்டாங்கள்."

அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

மோட்டர்ஹோம் வந்து நின்றபோது நான் என் சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கீழே ஓடினேன். கதவு திறந்தது. முதலில் இறங்கியது மச்சான். அடுத்து அப்பா. மெலிந்து, யாரோ கொடுத்த பெரிய கோட்டுக்குள் பாதி மறைந்து. மூன்று வருடம் இந்த நிமிடத்தை நான் எத்தனை விதமாகப் பார்த்து வைத்திருந்தேன் தெரியுமா? எல்லா விதத்திலும் அப்பா அழுவார். நானும் அழுவேன்.

அப்பா என் தலையில் கையை வைத்தார். "நல்லா வளந்திட்டாய்" என்றார். புன்னகைத்தார். அவ்வளவுதான். பிறகு அம்மாவைப் பார்த்து மேலே நடந்தார்.

என்ன பிழை செய்தேன் என்று எனக்கு விளங்கவில்லை. சாப்பிடும்போதுதான் விளங்கியது. மாமிதான் சொன்னார், சிரிப்பை அடக்கமுடியாமல், கையில் சோற்றோடு.

"மச்சாள், ஒரு பகிடி கேளுங்கோ. நாங்கள் போய் நிக்கிறம், இவன் முதல் ஆளாக் குதிச்சு இறங்கினான். அண்ணை ஓடி வந்து இவனைக் கட்டிப்பிடிச்சாரே பாருங்கோ! விடவே இல்லை. தேம்பித் தேம்பி அழுகிறார். ரோட்டிலை போறவை எல்லாம் நிண்டு பாக்கினம். தன்ர மகன் எண்டு நினைச்சிட்டார்!"

"நீங்கள் அனுப்பின படத்திலை சிவப்புத் தொப்பிதானே" என்றார் அப்பா வெட்கத்தோடு. "உயரமும் சரியா இருந்தது."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வர. பயந்து கிடந்த ஒரு நாள் முழுவதையும் அவர்கள் சிரித்துக் கழுவினார்கள் என்பது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அப்பாவிடம் இருந்த அழுகை அங்கே முடிந்துவிட்டது. எனக்கென்று மூன்று வருடம் சேர்த்தது. முழுவதும் அவனுக்குப் போனது.

"என்ர கல்லு எங்கை?" என்று கேட்டேன்.

"இனி என்னத்துக்கடா?" என்றார் மாமி. "அண்ணை ஏறினவுடனை நாலு பேர் சரி. ஐஞ்சாவது ஆள் தேவையில்லை எண்டு அந்த மண்டபத்து வாசல்லையே இறக்கி விட்டிட்டன்."

அந்தத் தொப்பியை நான் அதற்குப் பிறகு போடவில்லை. எந்த வீட்டு மாற்றத்தில் தொலைந்தது என்றும் தெரியாது.

விஷயம் அத்தோடு முடிந்திருந்தால் நான் மறந்திருப்பேன். ஆனால் அப்பாவுக்கு அது வாழ்நாள் பகிடியாகப் போய்விட்டது. மச்சான் எப்போது எங்கள் வீட்டுக்கு வந்தாலும் கதவைத் திறந்து, "வாங்கோ, மூத்தவர்!" என்பார். மச்சானின் கல்யாணத்தில் சொன்னார். என் கல்யாணத்திலும் சொன்னார், மேடையில், என் பக்கத்தில் நின்றுகொண்டு. ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி இறக்கும் வேலை முடிந்து வரும்போது நல்ல மாம்பழம் கிடைத்தால் இரண்டு எடுத்து வருவார். ஒன்று எனக்கு. ஒன்று மூத்தவருக்கு. ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை, நான் கையைப் பிடித்துக்கொண்டிருக்க, "மூத்தவன் வரேல்லையோ?" என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். அந்த வயதில் அந்த இடத்தில் ஒரு பகிடிக்குப் பொறாமைப்படுவது வெட்கக்கேடு. பட்டேன்.

போன கோடையில் மச்சான் தொலைபேசி எடுத்தான். துறைமுகத்தில் லொறி ஓட்டி முதுகு போய், வேலையை விட்டு, இப்போது அவனே ஒரு மோட்டர்ஹோம் வாங்கியிருக்கிறான்.

"டேய் மச்சான், வா. எங்கட அம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போவம். உன்ர கல்லைப் பாத்திட்டு வருவம்."

மாமாவும் இல்லை, அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. மாமி எழுபதைத் தாண்டி, தடியோடு வந்து முன் இருக்கையில் ஏறினார். அந்த ஒன்பது யன்னலுக்குப் பதில் இதில் பதினொன்று. நான் எண்ணி முடிக்க முன் மாமியும் எண்ணி முடித்துவிட்டார், ஆனால் வேறொன்றை.

"மூண்டு பேர் போறதோ?"

முழங்கால் வலியோடு இறங்கிக் கல் தேடியவன் இந்த முறையும் நான்தான். கொண்டுவந்ததை மாமி வாங்கி மச்சானிடம் கொடுத்து, பின்னால் யன்னலோர இருக்கையில் வைக்கச் சொன்னார்.

எல்லையில் நீண்ட வரிசை. மாமி தூங்கிப் போனார். முன்னால் பத்துப் பன்னிரண்டு வண்டி. மச்சான் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"உனக்கு இன்னும் கோவம்தானே?"

"என்ன கோவம்?"

"உன்ர அப்பா என்னைக் கட்டிப்பிடிச்சது."

இவ்வளவு காலத்தில் அவன் அதைப் பற்றி என்னிடம் கதைத்ததே இல்லை. "நீ ஏன்டா நான் அவன் இல்லை எண்டு சொல்லேல்லை?" என்றேன். என் குரல் ஏழாம் வகுப்புப் பெடியனுடைய குரல் போலவே வந்தது.

ஒரு வண்டி நகர்ந்தது. அவனும் நகர்த்தினான்.

"அவர் உன்ர பேரைச் சொல்லிச் சொல்லி அழுதவர், மச்சான். என்ர காதுக்குள்ளை. எங்கட அப்பரை உனக்குத் தெரியும்தானே. வேலையாலை வருவார், சாப்பிடுவார், படுப்பார். என்னை ஒருத்தரும் அப்பிடிப் பிடிச்சதில்லை. சொன்னா விட்டிடுவார் எண்டு தெரியும். கொஞ்சம் பொறுத்துச் சொல்லுவம் எண்டு நிண்டனான்." மூக்கை உறிஞ்சினான். "வீட்டை திரும்பி வரேக்கை உன்னிலை எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமோ? இவனுக்கெண்டு ஒரு மனிசன் இப்பிடி அழுகுதே எண்டு. அதுதான் உன்னட்டை ஒண்டும் சொல்லேல்லை. உன்ர பேரை அவர் சொன்னதை."

நான் அவன் மேல் பொறாமைப்பட்ட காலமெல்லாம் அவன் என் மேல் பொறாமைப்பட்டிருக்கிறான். இரண்டையும் கழித்துப் பார்த்தேன். யாருக்கு மிச்சம் என்று தெரியவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக இவ்வளவு காலம் காத்திருக்க வைத்துவிட்டானே என்று அவன் மேல் புதிதாக ஒரு கோபமும் வந்தது. அப்பா இருக்கும்போது சொல்லியிருக்கலாம். முன்னால் எட்டி அவன் தோளில் கையை வைத்தேன். அவனும் எடுக்கச் சொல்லவில்லை.

எங்கள் முறை வந்தது. கூட்டுக்குள் இருந்த பெண் உத்தியோகத்தர் மூன்று கடவுச்சீட்டையும் வாங்கிப் புரட்டினார். வண்டியில் எத்தனை பேர் என்று கேட்டார்.

மச்சான் வாயைத் திறந்தான்.

"ஃபோர்" என்றார் மாமி, கண்ணைத் திறக்காமலே.

உத்தியோகத்தர் மூக்குக் கண்ணாடியை இறக்கி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மச்சான் நெற்றியில் அடித்துக்கொண்டான். வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். எனக்கு ஏனோ அவசரமே இருக்கவில்லை. இந்த முறை வாசலில் யாரும் காத்து நிற்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். மச்சான் எப்போது செய்தானோ தெரியாது, கல்லுக்கு பெல்ட் போட்டிருந்தான். யன்னலுக்கு வெளியே மரங்களும் இரண்டு கொடிகளும் நன்றாகத் தெரிந்தன. கல்லுக்குத்தான் தெரிந்தன. இத்தனை வருடம் கழித்து, கடைசியில் நானும் அந்தப் பயணம் வந்தேன். எனக்குக் கிடைத்தது நடு இருக்கை.